வெறுத்துப்போய் வேதத்துக்குப் போனாரா கிராஸ்மன்?

வணக்கம் சார்,

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். ஜெர்மன் கணிதவியலாளரும் இயற்பியலாளருமான ஹெர்மன் கிராஸ்மன் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன், அன்றிலிருந்து மனசு சரியில்லை. 1844இல் வெக்டர் கணிதம் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதுகிறார், யாரும் சீண்டவில்லை. 20 வருடம் கழித்துப் பதிப்பாளர் 600 பிரதிகளைப் பழைய பேப்பராகப் போடுகிறார். பல்கலைக்கழக வேலை கேட்கிறார், கிடைக்கவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், கணிதத்தை விட்டுவிட்டு ரிக்வேதம் படிக்கப் போய்விடுகிறார். கடைசிவரை பள்ளிக்கூட வாத்தியார்தான். அப்பேர்ப்பட்ட மூளையை இப்படி வீணடிக்கலாமா? பிளஸ் டூ பிள்ளைகளிடம் இவரைப் பற்றி என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பழைய பேப்பர் விஷயம் உண்மைதான். 1876இல் பதிப்பகமே கிராஸ்மனுக்கு எழுதியிருக்கிறது: புத்தகம் விற்கவே இல்லை, 1864இல் சுமார் 600 பிரதிகளைக் கழிவுத்தாளாகப் போட்டுவிட்டோம், மிச்சமிருந்த சிலவும் போய்விட்டன, எங்கள் நூலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று. பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த 'வெறுத்துப்போய்' என்கிற இடத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை. இந்தக் கதையை யார் எழுதினாலும் அந்தத் திருப்பத்தை வைத்துவிடுகிறார்கள், சினிமாவில் இடைவேளை மாதிரி.

தேதிகளைப் பாருங்கள். முதல் நூல் விலைபோகாததால் அதை முழுக்கத் திருத்தி எழுதி, தன் சொந்தச் செலவில் 300 பிரதி அச்சிட்டது 1862இல். அதுவும் எடுபடவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் சமஸ்கிருதம் என்றால், மொழியியலில் இன்றும் கிராஸ்மன் விதி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் கட்டுரை 1863இல் எப்படி வெளிவந்தது? சமஸ்கிருதத்தையும் கிரேக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு ஒலி விதியைக் கண்டுபிடிப்பது ஒரு வருடத்தில் நடக்கிற காரியமா? அடுத்தடுத்த அசைகளில் இரண்டு மூச்சொலி மெய்கள் (ஆங்கிலத்தில் bh, dh என்று எழுதுகிறோமே, அந்த மாதிரி) வந்தால் முதலாவது மூச்சை இழந்துவிடும் என்பது அந்த விதி (தமிழ் எழுத்தில் இதைக் காட்ட வழியில்லை, மன்னிக்கவும்). அவர் 1827இல் பெர்லின் பல்கலைக்கழகத்துக்குப் போனதே இறையியலும் செம்மொழிகளும் படிக்கத்தான். கணிதத்தில் ஒரு வகுப்பில்கூட அங்கே உட்காரவில்லை. அதாவது மொழிதான் அவர் முறையாகப் படித்தது, கணிதம்தான் தானாகக் கற்றது. நாம் கதையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணிதத்தை விட்டதும் இல்லை. 1873 முதல் 1875 வரை ரிக்வேத அகராதி வெளிவருகிறது, 1876-77இல் ரிக்வேத மொழிபெயர்ப்பு வருகிறது. அதே 1877இல் ஹாமில்டனின் குவாட்டர்னியன்களுக்கு (நான்கு கூறுகள் கொண்ட எண்கள்) தன் அமைப்பில் எந்த இடம் என்று கணித இதழில் கட்டுரை எழுதுகிறார், 1844 நூலின் மறுபதிப்பையும் தயார் செய்கிறார். அந்த செப்டம்பரில் இறந்துபோனார், மறுபதிப்பு 1878இல் வந்தது. வெறுத்துப்போன ஆளின் கடைசி வருடம் இப்படியா இருக்கும்?

அகராதியைப் பற்றி இன்னொன்று. ரிக்வேதத்தில் ஒரு சொல் எந்தெந்த வடிவத்தில் எந்தெந்தப் பாடலில் வருகிறது என்று இடம் குறித்து அடுக்கியிருக்கிறார். 1,028 பாடல்களுக்கும் மண்டலம் என்கிற பாகக் கணக்கை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து வரிசையாக எண் போட்டுவிட்டார், அதனால் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் எண்ணை மாற்றிப் பார்த்துத் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டிக்கொண்டே இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். மொழிபெயர்ப்புக்கு அந்த ஆயுள் இல்லை, அதை விட்டுவிடலாம்.

சரி, முதல் நூலை ஏன் யாரும் படிக்கவில்லை? இங்கே நான் உங்களைவிடக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரன். புத்தகம் உண்மையிலேயே படிக்க முடியாதபடி இருந்தது. சிந்தனை என்றால் என்ன, தொடர்ச்சி என்றால் என்ன என்று தத்துவத்தில் தொடங்குகிறது, புதுப்புதுக் கலைச்சொற்கள், வழக்கமான ஆய அச்சுகள் கிடையாது, மூன்று பரிமாணத்துக்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் போகலாம் என்று வேறு சொல்கிறது. மதிப்புரை எழுதக் கேட்டபோது கணிதவியலாளர் மோபியஸ் மறுத்துவிட்டார். அன்றைய கணிதத்தின் பெருந்தலையான காஸ், இதுபோன்ற வழியில் தானே ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் போயிருப்பதாகவும் இப்போது வேலை அதிகம் என்றும் பதில் எழுதினார். (காஸிடமிருந்து இப்படியொரு கடிதம் வாங்கியவர்கள் சங்கமே வைக்கலாம்.) தத்துவவாதியும் கணிதவியலாளருமான லைப்னிட்ஸ் கனவு கண்ட வடிவியல் மொழியை உருவாக்கச் சொல்லி லைப்சிக்கில் அறிவித்த போட்டியில் கிராஸ்மனுக்குப் பரிசு கிடைத்தது, போட்டியிட்டதே அவர் ஒருவர்தான். அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டுக் கணிதவியலாளர் கும்மர் 1847இல் கல்வி அமைச்சகத்துக்குக் கொடுத்த கருத்து, சரக்கு நல்லது, சொன்ன விதம் குறையுள்ளது என்பது. பல்கலைக்கழக வேலைக் கனவு அதோடு முடிந்தது. கும்மர் சொன்னது தப்பில்லை என்பதுதான் என் எண்ணம். சரக்கு நல்லது என்ற முதல் பாதியை அமைச்சகம் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் தப்பு.

பள்ளிக்கூடத்தில் மூளை வீணானது என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அவருடைய அப்பாவும் ஸ்டெட்டினில் (இன்றைக்குப் போலந்தின் ஷ்செச்சின்) கணித ஆசிரியர்தான். சின்ன வயதில் பையனின் மந்தத்தைப் பார்த்து, தோட்டக்காரனாகவோ கைத்தொழில்காரனாகவோ ஆனால்கூடப் போதும் என்றிருந்தவர். அந்தப் பையன் 1861இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று ஓர் எண்கணிதப் பாடநூல் எழுதினார். கூட்டல் என்பதையே 'ஒன்றைக் கூட்டுவது' என்ற ஒரே செயலிலிருந்து படிப்படியாக வரையறுத்து, இரண்டு எண்களை இடம் மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாது என்பதைத் தொகுத்தறிதல் முறையில் நிரூபிக்கிறது அந்த நூல். இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ 1889இல் இயல் எண்களுக்கு விதி எழுதியபோது இந்தப் பள்ளிப் புத்தகத்தைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார். வகுப்பில் நின்று 'ஏன் சார்?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படி எழுதத் தோன்றும் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.

நீங்கள் இயற்பியல்காரர், உங்களுக்கு நிறக் கலவை பற்றி அவர் எழுதிய 1853 கட்டுரை பிடிக்கும். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கலந்தால் வெள்ளை தருகிற நிறமாலை நிறங்கள் ஒரே ஒரு ஜோடிதான் என்று சோதனை செய்து சொல்லியிருந்தார். கிராஸ்மன் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. நம் கண்ணுக்கு நிறக் கலவைகள் நேர்கோட்டு விதிப்படி கூடுகின்றன, அப்படியென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எதிர் நிறம் இருந்தே ஆகவேண்டும் என்று வாதிட்டார். பிறகு ஹெல்ம்ஹோல்ட்ஸே மறுபடி சோதித்து மேலும் பல ஜோடிகளைக் கண்டார். யாரும் படிக்காத அந்த 1844 நூலின் வெக்டர்களைத்தான் கிராஸ்மன் இங்கே சத்தம் போடாமல் நிறத்துக்குப் போட்டிருக்கிறார். மூன்று எண்களால் நிறத்தைக் குறிக்கிற இன்றைய நிற அளவியல் முழுக்க இந்த விதிகளின் மேல்தான் நிற்கிறது, உங்கள் போன் திரையும் சேர்த்து.

கடைசியாக, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. சோகக் கதையைச் சொல்லாதீர்கள், அந்த 1844 நூலின் பெருக்கலைச் சொல்லிக்கொடுங்கள். கிழக்கே ஓரடியை 'கி' என்றும் வடக்கே ஓரடியை 'வ' என்றும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விதி இரண்டுதான்: எதையும் அதோடே பெருக்கினால் பூஜ்யம், வரிசையை மாற்றினால் குறி மாறும். இப்போது 3கி + வ என்பதை கி + 2வ என்பதால் பெருக்கட்டும். கிகி, வவ இரண்டும் போய்விடும், 6கிவ + வகி மிஞ்சும், வகி என்பது −கிவ, ஆக விடை 5கிவ. அந்த இரண்டு வெக்டர்களைப் பக்கங்களாக வைத்து வரைந்த இணைகரத்தின் பரப்பு 5 சதுர அடி. வரைபடத் தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். அணிக்கோவை என்று மனப்பாடம் செய்த சமாசாரம் தானாக வந்து நிற்பதை யாராவது ஒரு பிள்ளை கவனிக்கும். அப்புறம் மேலே போவதற்கு மூன்றாவது எழுத்தாக உயரத்தைச் சேருங்கள், கன அளவு வரும். குறுக்குப் பெருக்கல் நான்கு பரிமாணத்தில் செல்லாது, இது செல்லும். நாலாவது எழுத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்களையே கேளுங்கள்.

அன்புடன்.