சபைக் கூடுகையில் சாதாரண விசுவாசிகள் பேச முடியுமா?

"கடலூரில் எங்கள் சபையில் போதகர் மட்டும்தான் பேசுகிறார், மற்றவர்கள் பேச வேதத்தில் இடமுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 1 கொரிந்தியர் 14:26-ல், கூடிவரும்போது ஒருவர் சங்கீதமும் இன்னொருவர் போதகமும் கொண்டுவருவதாகப் பவுல் எழுதுகிறார். அன்று சபை கூடியது வீடுகளில். ரோமர் 16:5-ஐப் பாருங்கள். பெஞ்சு வரிசையும் மைக்கும் பிற்பாடு வந்தவை.

கத்தோலிக்கர்களும் இதை யோசித்தவர்கள்தான். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே வழிபாட்டில் மக்களின் முழுமையான பங்கேற்பைக் கேட்டது. வீடு வீடாகக் கூடும் சிறு குழுக்களான அன்பியங்களில் இன்று இல்லத்தரசிகளும் நற்செய்தி வாசித்துப் பகிர்கிறார்கள். புராட்டஸ்டன்ட் பிரிவான பிரதரன் சபைகளில் அப்பம் பிட்கும் (திருவிருந்து) கூட்டத்தில் எந்தச் சகோதரரும் எழுந்து ஜெபிக்கலாம். (சகோதரிகள்? அது தனிச் சண்டை.)

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்தில் லூக்கா 5 வாசித்தோம், பேதுரு ராத்திரி முழுக்க வலை போட்டும் மீன் கிடைக்காத பகுதி. மீன் விற்கும் அக்கா ஒருவர், கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தவர், "ராத்திரி முழுக்க வலை போட்டு வெறும் படகோட வந்தா, வீட்டுல யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க" என்றார். பேதுருவைப் பற்றி அப்படி ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை.

சரி, எங்கே தொடங்குவது? ஞாயிறு ஆராதனையில் கை வைக்காதீர்கள், பிரச்சினையாகும். வாரநாள் ஜெபக் கூட்டத்தில் பிரசங்கத்தைச் சுருக்கி, வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். நீட்டி முழக்குபவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை நிறுத்த ஒரு மூப்பரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.