வெப்பம், நிலைமாற்றம், அலை: குமரி வாசகர் கேள்வி–பதில்

கேள்விகளுக்குள் போகுமுன் ஒன்று. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ஒரு கரண்டி கொதிநீர் கையைப் பொத்துவிடும். ஓர் அண்டா வெதுவெதுப்பான நீர் அப்படிச் செய்யாது. ஆனாலும் அதிக வெப்பத்தை வைத்திருப்பது அண்டாதான். இந்த வேறுபாடு மனதில் நின்றால் கீழே உள்ள கணக்குகள் தானாகவே பிடிபடும்.

விசைப்படகில் இரண்டு நாள் தங்கல். 100 கிலோ மீனுக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும்? உப்புப் போட்டால் ஐஸை மிச்சம் பிடிக்கலாமா? (குளச்சல்)

மீனைக் குளிர்விக்க வேண்டிய ஐஸ் ஒரு பங்கு, பெட்டிக்குள் வெளியிலிருந்து நுழையும் சூட்டுக்கு ஈடுகொடுக்கும் ஐஸ் இன்னொரு பங்கு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 3.6 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 100 கிலோவை 30 டிகிரியிலிருந்து 0-க்குக் கொண்டுவர 10,800 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை உறிஞ்சும். ஆக, மீனுக்கு மட்டும் 32 கிலோ போதும்.

அடுத்தது பெட்டி. மொத்தப் பரப்பு 2.4 சதுர மீட்டர், சுவரில் 5 செ.மீ. தெர்மோகோல், வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 50 ஜூல் அளவில் சூடு உள்ளே கசியும். ஒரு நாளில் அது 13 கிலோ ஐஸைத் தின்றுவிடும். தெர்மோகோல் 2.5 செ.மீ. மட்டுமே இருந்தால் நாளுக்கு 26 கிலோ. நல்ல பெட்டியில் இரண்டு நாளுக்கு 32 + (2 × 13), அதாவது 58 கிலோ. மூடியை அடிக்கடி திறப்பது, தளத்தில் வெயில் விழுவது, மீன் வலையில் விழுவதற்கு முன்பே ஐஸ் கரைந்துபோவது எல்லாம் சேரும்போது, மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்ற பழைய வழக்கம் சரியாகத்தான் வருகிறது. மெல்லிய பெட்டி வைத்திருப்பவருக்கு அதுவும் இழுபறிதான். ஐஸுக்குச் செலவழிப்பதைவிடப் பெட்டிச் சுவரின் கனத்துக்குச் செலவழிப்பது லாபம்.

உப்பு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். உப்புச் சேர்த்தால் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே உருகும். 23 சதவீதம் வரை உப்புச் சேர்த்தால் -21 டிகிரி வரைகூட இறங்கும். இறங்குவது வெப்பநிலை மட்டுமே. ஒரு கிலோ ஐஸ் உறிஞ்சும் வெப்பம் இதனால் கூடிவிடாது, ஐஸ்தான் சீக்கிரம் தீரும். மேலும் மீனின் சதை -1, -2 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். உப்பு ஐஸ் பட்ட இடம் அரைகுறையாக உறைந்து, உருகும்போது சதை நொய்ந்து நீர் விடும். ஐஸ்கிரீம் செய்ய உப்பு சரி, மீனுக்கு வேண்டாம்.

கட்டி ஐஸை அப்படியே போடாமல் உடைத்துப் போடுங்கள். 10 செ.மீ. கட்டியை 1 செ.மீ. துண்டுகளாக்கினால் மேற்பரப்பு பத்து மடங்காகும், மீனோடு உரசும் இடமும் கூடும். அடியில் ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மீண்டும் ஐஸ் என்று அடுக்கி, கடைசியில் கனமாக ஐஸால் மூடுங்கள். உருகிய நீர் மீன்மேல் வழிந்து இறங்குவது நல்லது. காற்றைவிட நீர் மிக வேகமாகச் சூட்டை எடுக்கும். அந்த நீர் ரத்தத்தோடு அடியில் தேங்கி நிற்பதுதான் கெடுதல், ஆகவே வடிகுழாயை அடைக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழியில் வாங்கிய மண்பானை அங்கே ஜில்லென்று இருந்தது. ராஜாக்கமங்கலத்தில் வைத்தால் குளிரவில்லை. பானையில் குறையா? (ராஜாக்கமங்கலம்)

பானையில் குறை இல்லை, உங்கள் காற்றில் ஈரம் அதிகம். பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 5 லிட்டர் பானையில் வெறும் 100 மில்லி ஆவியானாலே மீதி நீர் 11, 12 டிகிரி குளிரலாம். ஆனால் வெளியிலிருந்து சூடும் உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஈரக் காற்றில் ஆவியாதலும் மந்தமாகும்.

இது எவ்வளவு தூரம் குளிரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் அளவே அந்த எல்லை. கடலோரத்தில் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் எல்லை 28 டிகிரி. ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்று உலர்வாக அடிக்கும் ஒரு நாளில் 34 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் எல்லை 24-க்கு அருகில். அங்கே வெயில் கூடுதல், ஆனாலும் பானை நீர் குளிர்ச்சி. நீங்கள் கண்டது இதைத்தான்.

கடலோரத்திலும் முடிந்தவரை பெற வழி: பானையை அடுக்களை மூலையில் வைக்காமல் காற்று ஓடும் சன்னலோரம், நிழலில், கால் வைத்த தாங்கியில் வையுங்கள். வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடித்திருந்தால் துளை அடைந்துவிடும், அந்தப் பானை வெறும் பாத்திரம்தான். சில மாதங்களில் நீரிலுள்ள உப்பு வெள்ளையாகப் படிந்தும் துளை அடைபடும். தென்னை நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்துக்கொள்ளும்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்குக் கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதாம். கலப்படமா? (தக்கலை)

இல்லை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் ஊரில் அந்த அளவுக்கு நெடுநேரம் குளிர்வது அரிது, அங்கே குளிர்காலத்தில் அது சாதாரணம். உறையும்போது எண்ணெய் சுருங்கும், அதனால்தான் மேலே நடுவில் குழி விழுகிறது. தண்ணீர் இதற்கு நேர்மாறாக 9 சதவீதம் விரிவதால், நிரம்பிய கண்ணாடிப் புட்டி பிரீசரில் வெடிக்கும். உறைந்த எண்ணெய்ப் புட்டியை 40 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் போதும். குளிர்பெட்டியில் வைத்து உறைந்தால் சுத்தம் என்று சொல்லும் சோதனையை நம்ப வேண்டாம். பனங்கொட்டை எண்ணெயும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் உறையும்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்கும்போது கொதி வந்த பிறகும் தீயைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் வேகுமா? (அருமனை)

வேகாது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். கூடுதல் தீ முழுவதும் நீரை ஆவியாக்கத்தான் போகும். ஒரு லிட்டர் நீரை 30-லிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 293 கிலோஜூல், அதே லிட்டர் முழுக்க ஆவியாக 2,257 கிலோஜூல். கொதி வந்ததும், மெல்லத் தளதளக்கும் அளவுக்குத் தீயைக் குறையுங்கள். குக்கரில் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போகும், ஆகவே அங்கே விரைவு உண்மை. ஆனால் மரச்சீனியைத் திறந்து அவித்து நீரை வடித்துக் கொட்டுவது அதிலுள்ள சயனைடு நச்சு வெளியேறுவதற்காக. அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

சூடாக்கினால் எல்லாப் பொருளும் விரியும் என்று பாடத்தில் இருக்கிறது. ரப்பர் சுருங்கும் என்று அண்ணன் சொல்கிறான். யார் சரி? (குலசேகரம், பள்ளி மாணவி)

இழுத்துப் பிடித்த ரப்பர் என்றால் அண்ணன் சரி. உங்கள் ஊரைச் சுற்றித் தோட்டமெங்கும் சிரட்டையில் வடிகிற பாலுக்குள் இருக்கும் அதே மூலக்கூறுதான் இதற்குக் காரணம்.

முதலில் உதட்டால் பாருங்கள். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து, நீளம் நாலைந்து மடங்காகும்படி சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் ஒற்றுங்கள். வெதுவெதுப்பு தெரியும். விரலைவிட உதடு இந்தச் சிறு மாற்றத்தை நன்றாக உணரும். அப்படியே அரை நிமிடம் பிடித்திருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். இப்போது சட்டென்று தளர்த்தி மீண்டும் ஒற்றுங்கள், குளிரும். கைவிரல் சூட்டால் வந்த மயக்கம் அல்ல இது என்பதற்குக் குளிர்ச்சியே சாட்சி.

அடுத்து, ரப்பர் பேண்டை ஆணியில் மாட்டி, நீளம் இரண்டரை மடங்காகும் அளவுக்கு எடை தொங்கவிடுங்கள். பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி, முடி உலர்த்தியால் ஒரு நிமிடம் சூடான காற்றைக் காட்டுங்கள். எடை சில மில்லிமீட்டர் மேலே ஏறும்.

ரப்பர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். சும்மா இருக்கும்போது நூல்கண்டு குலைந்ததுபோல் கிடக்கும். இழுத்தால் வரிசைப்படும், சில பகுதிகள் படிகம்போலவே அடுக்கிக்கொள்ளும். அப்போது வெப்பம் வெளிவருகிறது. சூடாக்கினால் சங்கிலிகளின் ஆட்டம் கூடி, மறுபடி சுருண்டுகொள்ள வலுவாக இழுக்கும். இங்கிலாந்து அறிஞர் ஜான் கஃப் இதை 1805-இல் எழுதினார். அவர் பார்வையற்றவர், உதட்டின் உணர்வாலேயே கண்டறிந்தார். இயற்பியலாளர் ஜூல் 1859-இல் அளந்து காட்டினார்.

சோதனை தவறினால் பெரும்பாலும் எடை போதாது என்று பொருள். 10 சதவீதத்துக்கும் குறைவாக இழுபட்ட ரப்பர் மற்றப் பொருள்களைப்போல விரியத்தான் செய்யும். ஆக, பாடப்புத்தகமும் இழுக்காத ரப்பரைப் பொறுத்தவரை சரிதான்.

பகலில் கேட்காத கடலிரைச்சல் இரவில் 3 கிலோமீட்டர் உள்ளேயும் கேட்கிறது. ஊர் அடங்குவதாலா? (கருங்கல்)

ஊர் அடங்குவது பாதிக் காரணம். காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது: 30 டிகிரியில் விநாடிக்கு 349 மீட்டர், 24 டிகிரியில் 345 சொச்சம். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. கீழே ஓடும் ஒலி முந்துவதால் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். மேகமற்ற, காற்று ஓய்ந்த இரவில் தரை முதலில் குளிர்ந்து இந்த அடுக்கு தலைகீழாகும். ஒலி கீழ்நோக்கி வளைந்து ஊருக்குள் இறங்கும். மேகம் மூடிய இரவில் தரை அவ்வளவு குளிராததால் இரைச்சலும் குறைவு, ஒப்பிட்டுப் பாருங்கள். உறுமல் மட்டும் கேட்டுச் சலசலப்பு கேட்காததற்குக் காரணம், கீச்சொலியைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடுவது.

காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வருகிறதே, கள்ளக்கடல் எங்கிருந்து வருகிறது? முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா? (முட்டம்)

தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்று எழுப்பிய அலைகள் அவை. அங்கே காற்று அடித்து ஓய்ந்து பல நாள் கழித்து இங்கே வந்து சேர்வதால், நம் வானத்தில் அடையாளம் எதுவும் இருக்காது. கள்ளன்போல் வருவதால் கள்ளக்கடல்.

அலையோடு நீர் பயணம் செய்வதில்லை. மிதக்கும் தேங்காய் மட்டையைப் பாருங்கள், ஏறி, முன்னே சாய்ந்து, இறங்கி, ஏறத்தாழ இருந்த இடத்துக்கே வரும். பயணம் செய்வது ஆற்றல். ஆழ்கடலில் அலை முகட்டின் வேகம், இரண்டு முகடுகளுக்கு இடையிலான விநாடிகளை 1.56-ஆல் பெருக்கினால் வரும். 18 விநாடி அலைக்கு விநாடிக்கு 28 மீட்டர். அலைக்கூட்டமும் அதன் ஆற்றலும் அதில் பாதி வேகத்தில், மணிக்கு 50 கிலோமீட்டராக நகரும். 6,000 கிலோமீட்டர் கடக்க ஐந்து நாள்.

உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைக்கு இடைவெளி 5, 6 விநாடிதான். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 18 விநாடி அலை 6 விநாடி அலையைப்போல் மூன்று மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவரும். அதன் அலைநீளம் 500 மீட்டர். அதில் பாதி, 250 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணர்ந்து வளையத் தொடங்கும். 5 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் விநாடிக்கு 7 மீட்டராகக் குறையும், பின்னால் வருவது நெருக்கும், உயரம் கூடும். முட்டம்போன்ற பாறைமுனைகளில் அலைகள் இருபக்கமிருந்தும் வளைந்து குவிவதால், அங்கே அடி பக்கத்து வளைகுடாவைவிடக் கடுமை.

முன்கூட்டி அறிய கைக்கடிகாரம் போதும். கரையிலிருந்து ஒரு குறிப்பிட்ட இடத்தை, ஒரு பாறையையோ மிதவையையோ நோக்கி, 11 முகடுகள் கடக்கும் நேரத்தை அளந்து பத்தால் வகுங்கள். காற்று இல்லாமலே 15 விநாடிக்கு மேல் வந்தால் எச்சரிக்கை. முதலில் நீண்ட இடைவெளி அலைகளே வந்து சேரும், ஏனெனில் அவைதான் வேகமானவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்துவந்தால், இடைவெளி 18, 16, 14 என்று மெல்ல மெல்லக் குறைவது தெரியும். இடைவெளி குறைகிறது என்பதற்காகத் தணிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இடையிலும் உயரம் கூடக்கூடும்.

பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவே பல நிமிடம் கடல் குளம்போல் கிடக்கும். பாறைமேலும் தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல்சுவர்) நுனியிலும் ஆளை ஏமாற்றுவது இந்த அமைதிதான். இறங்குமுன் 20 நிமிடமாவது பார்த்திருங்கள். வள்ளங்களை மேடான மணலுக்கு ஏற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் எச்சரிக்கையில், அலை உயரத்தோடு அந்த விநாடிக் கணக்கும் இருக்கும். பலர் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள், விநாடியைப் பாருங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லலாமா? (தோவாளை)

சொல்லலாம். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தோட்டத்திலேயே விழலாம். வயலிலும் மொட்டைமாடியிலும் தென்னையடியிலும் நிற்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.