ஏசி இல்லாத வீட்டுக்கு எந்தக் கிட்டார்?

வாசகர்களின் கேள்விகளுக்கு நரிமேட்டிலிருந்து கிட்டார் டீச்சர் பதில்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இத்தனை காலமும் இரவல் கிட்டாரிலேயே ஓட்டிவிட்டேன். இப்போது ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ‘மேல்பலகை, பக்கம், முதுகு மூன்றும் சாலிட் மரமாக இருந்தால்தான் தரம்’ என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். ஸ்ப்ரூஸா, சீடாரா, ரோஸ்வுட்டா, மஹாகனியா என்று ஒரே குழப்பம். வீட்டில் ஏசி கிடையாது. பெரும்பாலும் மாதா கோவில் பாடகர் குழுவுக்குத்தான் வாசிக்கிறேன். வழி சொல்லுங்கள்.
- திருமங்கலம் வாசகர்

பதில்: சார், ஏசி கிடையாது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி அதுதான். மர வகை எல்லாம் அதற்குப் பிறகு.

சாலிட் மரம் என்றால் ஒட்டுப்பலகை இல்லாத ஒரே அடுக்கு மரம். கிட்டாரின் மேல்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். லைட் ரகத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் அந்தப் பலகை சௌக்கியமாக இருக்கும். நம் ஊர்ச் சித்திரை மதியத்தில் அந்த அளவுக்கு எங்கே போவது? மரம் சுருங்கும், மேல்பலகை சற்று அமுங்கும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் தந்தி உரசி இரையும். கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் நுனிகள் முள்ளாகக் குத்தும். அப்படியே விட்டால் பலகை வெடித்துவிடும். ஐப்பசி மழையில் கதை தலைகீழ்: பலகை உப்பி, தந்தி மேலே ஏறி, விரல் வலிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: மேல்பலகை மட்டும் சாலிட், பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகை. மகன் முகம் சுளிப்பான், பரவாயில்லை. ஒலியில் பெரும்பங்கு மேல்பலகையின் வேலைதான். முதுகு ஒட்டுப்பலகையாக இருப்பது கௌரவக் குறைவு இல்லை. மேல்பலகைக்கு மட்டும் காவல் இருந்தால் போதும். லட்சத்தையும் கடையில் கொட்டாதீர்கள். பாதிக்குள்ளேயே நல்ல கருவி அமையும். மீதியில் கெட்டியான பெட்டி ஒன்று, ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று, நல்ல கைகாரரிடம் ஒருமுறை செட்டப், அதாவது தந்தி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்வது. வெயில் காலத்தில் பெட்டிக்குள் ஈரம் தரும் பை வையுங்கள். வாசிக்காதபோது கிட்டார் பெட்டிக்குள் இருக்கட்டும், சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டாம்.

இனி மரம். சிட்கா ஸ்ப்ரூஸ் பலமாக அடித்து வாசித்தாலும் தாங்கும். சீடார் மெல்லிய விரல் வாசிப்புக்கு உடனே இணங்கும், ஆனால் வேகமாக அடித்தால் ஒலி குழம்பும். நகம் பட்டாலே தழும்பாகும். கோவிலில் நாற்பது குரலுக்கு நடுவே வாசிக்கிறவருக்கு ஸ்ப்ரூஸ்தான். முதுகுக்கு மஹாகனி என்றால் ஒலி நறுக்கென்று நிற்கும், ரோஸ்வுட் என்றால் அடிநாதம் ஆழமாகி ரீங்காரம் கூடும். பாட்டுக்குத் துணை வாசிக்க எனக்கு மஹாகனிதான் பிடிக்கும். ஒட்டுப்பலகை முதுகில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரோஸ்வுட் என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று மலைக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான் அது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிக்கலானதும் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அவர்களுடைய புகழ்பெற்ற டி-28 கிட்டாரின் முதுகும், உங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஈட்டிக் கட்டில் இருந்தால் அதன் காலும் ஒரே சாதி மரம். கட்டிலுக்கு விலை கேட்டு வந்தால் கொடுத்துவிடாதீர்கள்.

கடையில் என்ன பார்ப்பது? ‘சாலிட் டாப்’ என்ற ஒட்டுக்காகிதத்தை நம்பாமல் ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே ஓடும் ரேகைகள் விளிம்பில் மடிந்து அதே கோடாக உள்ளே இறங்கினால் சாலிட். விளிம்பில் படுக்கை வாக்கில் அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. அடுத்து, சட்டைப்பையில் இரும்பு ஸ்கேல் கொண்டுபோங்கள். சுருதி சேர்த்த பிறகு 12-ஆவது ஃப்ரெட்டின் தலையிலிருந்து தடித்த தந்தியின் அடிப்பக்கம் வரை இரண்டரை மில்லிமீட்டருக்குப் பக்கமாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சேடிலை, அதாவது தந்திகள் ஏறி நிற்கும் சிறு பட்டையை, தேய்த்து இறக்கலாம். ஆனால் சேடில், அதைத் தாங்கும் பிரிட்ஜ் என்கிற மரக்கட்டைக்கு மேல் எழாமல் ஏற்கெனவே தாழ்ந்து கிடந்து, தந்தியும் உயரமாக இருந்தால், கழுத்தின் கோணமே தவறு. மறுபேச்சில்லாமல் கீழே வைத்துவிடுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பசை விடுகிறது என்று பொருள்.

ஒலியைக் கேட்க வேறொருவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் எதிரே நில்லுங்கள். கிட்டார் முன்னால்தான் பேசும், மடியில் வைத்திருப்பவருக்குப் பாதிதான் கேட்கும். காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். மாலையில் போனால் தெருவிலுள்ள ஆரன் சத்தத்தைத்தான் வாங்கி வருவீர்கள். மாதக்கணக்கில் துருவேறிய தந்தியோடு தொங்கும் கிட்டாரை அப்படியே மதிப்பிடாதீர்கள். புதுத்தந்தி மாட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு லட்சத்துக்கு வந்தவருக்கு அதுகூடச் செய்யாத கடையில் உங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: டீச்சர், என் கை சிறியது. ட்ரெட்நாட் என்கிற பெரிய உடல் கிட்டாரை அணைத்துப் பிடித்தால் தோள் வலிக்கிறது. ஆனால் ‘அதுதான் உண்மையான கிட்டார்’ என்கிறார்கள் நண்பர்கள்.
- கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

பதில்: ட்ரெட்நாட் என்பது ஒரு போர்க்கப்பலின் பெயர், தங்கச்சி. 1916-இல் மார்ட்டின் வேறொரு நிறுவனத்துக்காக முதன்முதலில் அந்தப் பெரிய உடலைச் செய்தது. அதற்கு முன்னால் உலகம் சிறிய கிட்டாரில்தான் வாசித்துக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பொய்க் கிட்டார் என்று சொல்லவில்லை. இடுப்பு குறுகிய சிறிய உடலைப் பாருங்கள். யமஹாவில் எஃப்எஸ்800 அப்படிப்பட்டது, மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ். கழுத்தின் தலைப்பக்கம் 43 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் உங்கள் விரலுக்கு எட்டும். உட்கார்ந்து அரைமணி வாசித்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

கேள்வி: கோவில் மைக்கில் சேர்க்க, ஒலியை மின்சாரமாக்கித் தரும் பிக்கப் வைத்த கிட்டார் வாங்கட்டுமா? ஆன்லைனில் விலை குறைகிறதே?
- மேலூர் வாசகர்

பதில்: ஒரே விலையில் பிக்கப் உள்ளதும் இல்லாததும் இருந்தால் இல்லாததை எடுங்கள், மரத்துக்குப் போக வேண்டிய காசு மின்சாரத்துக்குப் போயிருக்காது. பிக்கப்பைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். ஆன்லைனில் வாங்குவது தவறில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாக இருந்தால் மட்டும். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன ஸ்கேல் சோதனையை, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.