அட்டைப்பெட்டியில் ஒரு பந்து: பாட்டக்கெட் அணியின் பழைய பொருளுக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டார் பழைய சாமான்களை விற்றபோது ஓர் அட்டைப்பெட்டி வாங்கினேன். உள்ளே 'ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்' என்று அச்சிட்ட ஸ்கோர் புத்தகம், ஏழெட்டுக் கையெழுத்துள்ள பேஸ்பால் பந்து, 1981 ஏப்ரல் 18 தேதியிட்ட டிக்கெட் துண்டு. இவை எந்தக் காலத்தவை? பையனை அந்த அணியின் மைதானத்துக்கு அழைத்துப்போகலாமா?

பதில்: டிக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

புத்தகத்துக்கு வயது சொல்வது சுலபம். அது 1976. அந்தப் பெயர் ஒரே ஒரு சீசன்தான் இருந்தது. அந்த அணியின் ஊரான பாட்டக்கெட், ரோட் ஐலண்டில் ஒரு சின்ன நகரம். ஆனால் அணிகளின் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. பெயரைப் பார்த்தே ஆண்டைச் சொல்லிவிடலாம். 'ஸ்லேட்டர்ஸ்' என்றிருந்தால் 1946 முதல் 1949 வரை. அந்த ஊரில் நூற்பாலை தொடங்கிய சாமுவேல் ஸ்லேட்டரின் பெயர் அது. 'இண்டியன்ஸ்' என்றால் 1966, 1967. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஆடும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு வீரர்களைத் தயார்செய்த 'பாட்டக்கெட் ரெட் சாக்ஸ்', 1970இல் மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழேயுள்ள டபுள் ஏ அணியாக வந்தது. ஒரு படி மட்டுமே கீழேயுள்ள ட்ரிபிள் ஏ ஆட்டம் 1973இல் ஊருக்குள் நுழைந்தது. 1976இல் மாநிலத்தின் பெயரைச் சூட்டிப் பார்த்தார்கள், கூட்டம் சேரவில்லை, அணி திவாலானது.

1977இல் அதை வாங்கியவர் பென் மாண்டர், ஜவுளித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர். ஊர்ப்பெயர் திரும்பி வந்தது. முதல் ஆண்டில் ஏறக்குறைய 70,000 பேர்தான் வந்தார்கள். 2005இல் 6,88,000க்கு மேல். டிக்கெட் விலையை ஏற்றாமல் குடும்பங்களை வரவழைத்ததுதான் அவர் சாமர்த்தியம்.

இனி உங்கள் டிக்கெட். அன்று ரோசெஸ்டர் அணியோடு தொடங்கிய ஆட்டம்தான் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றிலேயே மிக நீளமானது. ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது, சமநிலையிலேயே நீண்டுகொண்டு போனது. நள்ளிரவுக்குப் பின் ஆட்டத்தை எப்போது நிறுத்தலாம் என்ற விதி நடுவர்களிடம் இருந்த கையேட்டில் விடுபட்டிருந்தது. குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த பேட்டுகளைக் கொளுத்திக் காய்ந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு காலை 4:07க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்த பிறகு, லீக் தலைவர் தொலைபேசியில் சொல்லித்தான் நிறுத்தினார்கள். ஜூன் 23 அன்று மீதி ஆட்டம் பதினெட்டே நிமிடத்தில் முடிந்தது: 33ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த அடியில் மார்ட்டி பாரெட் ஓடிவந்து ரன் எடுக்க, பாட்டக்கெட் 3-2 என வென்றது. எதிரெதிர் அணிகளில் ஆடிய வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் பின்னாளில் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார்கள்.

ஒரு எச்சரிக்கை. அன்று வந்தவர்கள் 1,740 பேர். கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் 19 பேர். 'விடிய விடிய இருந்தேன்' என்பவர்கள் ஊரில் அதைவிட ஏராளம். உங்கள் துண்டு உண்மையானதாக இருந்தாலும், ஒருவர் உள்ளே போனார் என்பதை மட்டுமே சொல்லும். அந்த 19 பேருக்கும் பாஸ் வழங்கினார்கள். பெட்டியின் அடியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். விற்பதாக இருந்தால், சரிபார்த்துச் சான்று தரும் நிறுவனத்திடம் காட்டாமல் விலை பேசாதீர்கள்.

பந்துதான் கொஞ்சம் வேலை வைக்கும். பாட்டக்கெட் அணி ஆடிய மெக்காய் மைதானத்தில் வீரர்கள் உட்காரும் இடம் ரசிகர்களின் காலுக்கு நேர் கீழே இருந்தது. அதனால் பிள்ளைகள் பிளாஸ்டிக் கேனை வெட்டி, பந்தையும் பேனாவையும் போட்டு, கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். கையெழுத்தோடு மேலே வரும். கிணற்றில் நீர் இறைப்பதுபோலத்தான். எனவே ஒரே பந்தில் வெவ்வேறு நாள் கையெழுத்துகள் இருக்கலாம். படிக்க முடிந்த பெயர்களை எழுதிக்கொண்டு, 'பேஸ்பால் ரெஃபரன்ஸ்' இணையதளத்தில் ஒவ்வொருவரும் எந்த ஆண்டு பாட்டக்கெட்டில் ஆடினார் என்று பாருங்கள். எல்லோருக்கும் பொதுவான ஆண்டு கிடைத்தால் பந்தின் வயது அதுதான். பாஸ்டன் நட்சத்திரம் ஒருவரின் பெயர் தெரிந்தால் மட்டும் அவசரப்படவேண்டாம். காயத்திலிருந்து மீளும் மேஜர் லீக் வீரர்கள் சில நாள் இங்கே வந்து ஆடுவது வழக்கம். புகழ்பெறாத பெயர்கள்தான் ஆண்டைச் சரியாகக் காட்டும்.

மைதானத்துக்குப் போக வழியில்லை. மாண்டர் 2010இல் மறைந்தார். 2015இல் அணி கைமாறியது. புதியவர்கள் அரசுப் பண உதவியோடு முதலில் மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸிலும், பிறகு பாட்டக்கெட்டிலும் மைதானம் கேட்டார்கள். இரண்டும் நடக்காமல், 2018 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போவதாக அறிவித்தார்கள். பிரியாவிடை சீசனாக இருக்கவேண்டிய 2020ஐ கொரோனா விழுங்கிவிட்டது. ஆகவே 2020 என்று அச்சான டிக்கெட் யாராவது விற்றால், அதைக் கொண்டு எவரும் ஆட்டம் பார்த்திருக்க முடியாது. 1942இல் திறந்த மெக்காயை இடித்து, அங்கே உயர்நிலைப் பள்ளி கட்டுகிறார்கள்.

பையனை வூஸ்டரில் உள்ள போலார் பார்க் மைதானத்துக்கு அழைத்துப்போங்கள்; காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதே அணிதான் அங்கே ஆடுகிறது. பந்தை மட்டும் வீட்டிலேயே பூட்டி வையுங்கள், கேட்ச் பிடித்து விளையாட எடுத்துவிடப் போகிறான்.