தொடங்கத் தாமதிக்கும் மேசைக்கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தும் எனக்கு, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனும் குடியிருப்புகளிலிருந்தும் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முறையீடுதான்: "விசையை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் கணினி தயாராகவில்லை." நோய் ஒன்றுபோல் தோன்றினாலும் காரணம் வீட்டுக்கு வீடு வேறாக இருப்பதால், ஐந்து கேள்விகளுக்குத் தனித்தனியே பதில் எழுதியுள்ளேன்.

*எங்கள் அலுவலகத்தில் 2015-இல் வாங்கிய கணினி, வேலைக்குத் தயாராக ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சம்பளக் கணக்கு முடிக்கும் நாளில் பெரும் தொல்லை. 4 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்கினால் சரியாகுமா ஐயா?*
– செம்பனைத் தோட்டக் கிராணி

ரேம் என்னும் நினைவகம் வாங்கக் கடைக்குப் போகுமுன், கைப்பேசியில் உள்ள நிறுத்தக் கடிகாரத்தைக் கொண்டு மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியது முதல் விண்டோஸ் சின்னம் தோன்றும் வரை ஒன்று. சின்னத்திலிருந்து கடவுச்சொல் கேட்கும் திரை வரை இரண்டு. கடவுச்சொல்லைத் தட்டியதிலிருந்து ஒரு கோப்பு உடனே திறக்கும் நிலை வரை மூன்று. முதல் பகுதி மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையையும் அதனுடன் இணைந்த கருவிகளையும் சார்ந்தது; இரண்டாவது விண்டோஸையும், கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களையும் சார்ந்தது; மூன்றாவது, நாமே நிறுவிவிட்டு மறந்துபோன மென்பொருள்களைச் சார்ந்தது. நேரம் எந்தப் பகுதியில் போகிறது என்று தெரியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவாகவே முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

கடிகாரத்தை நம்பாதவர்களுக்கு விண்டோஸே கணக்கு வைத்திருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், தொடக்க மென்பொருள்களின் பட்டியலுக்கு மேலே, விண்டோஸுக்கு முன்னே கணினியை எழுப்பும் பயாஸ் கடைசியாக எடுத்துக்கொண்ட நேரம் பல கணினிகளில் விநாடிக் கணக்கில் காட்டப்படும். விண்டோஸின் நிகழ்வுக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 'டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபாமன்ஸ்' என்ற பதிவேட்டில் 100 என்ற எண்ணுள்ள குறிப்பைத் திறந்தால், முழுத் தொடக்க நேரமும் மில்லி விநாடியில் இருக்கும்.

உங்கள் கணினியின் வயதைப் பார்த்தால், உள்ளே சுழலும் வன்தட்டு இருக்கவே வாய்ப்பு அதிகம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் படிக்கும் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கும் கை நகர இன்னும் ஏறத்தாழ 9 மில்லி விநாடி. ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு எழுபது, எண்பது தடவைக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. விண்டோஸ் எழும் வேளையில் கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை. நகரும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வகை வட்டு அதே துண்டை ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தந்துவிடும். ஏழு நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது அதனால்தான்.

உறுதிசெய்துகொள்ள, கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தைப் பாருங்கள். வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டில் நிற்க, படிக்கும் வேகம் மட்டும் விநாடிக்கு ஓரிரு எம்.பி.யாக இருந்தால் குற்றவாளி வன்தட்டுதான். நினைவகமும் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் ரேமும் தேவை. ஆனாலும் கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் எஸ்.எஸ்.டி.யை வாங்குங்கள்.

*போன மாதம் வரை நன்றாக இருந்த கணினி திடீரென்று மந்தமாகிவிட்டது. இடையிடையே 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?*
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

தயவுசெய்து இப்போது செய்யாதீர்கள். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மந்தம் வேறு, ஒரே மாதத்தில் சத்தத்தோடு வரும் மந்தம் வேறு. இரண்டாவது, வட்டு சாகும் அறிகுறி. பழுதான ஒரு பகுதியைப் படிக்க முடியாமல் வன்தட்டு திரும்பத் திரும்ப முயல்வதால், ஒரே இடத்தில் பல விநாடிகள் கரைகின்றன. மாணவர் மதிப்பெண் பட்டியல் அந்த இடத்தில் இருந்தால் பட்டியலும் கரையும்.

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் படியெடுப்பது. அதன் பிறகே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வட்டின் உடல்நிலைப் பட்டியலைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளைக் குறிக்கும் 5 என்ற எண்ணுள்ள வரியிலும், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளைக் குறிக்கும் 197 (அம்மென்பொருளில் C5) என்ற எண்ணுள்ள வரியிலும் மூல மதிப்பு பூச்சியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், அந்த வட்டை நம்பி எதையும் வைக்கக் கூடாது. படியெடுக்குமுன் வட்டு முழுவதையும் சோதிக்கும் கட்டளைகளை ஓடவிடுவதும் ஆபத்து, ஏனென்றால் சாகும் நிலையில் உள்ள வட்டுக்கு அது பல மணி நேரக் கடும் வேலை. தொழிலுக்கு வந்த புதிதில், இப்படிச் சத்தமிட்ட ஒரு கணினியில் பட்டியலைப் பாராமலே விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். பதினோராம் நாள் அது முற்றிலும் நின்றுபோய், வாடிக்கையாளருடைய மகளின் திருமணப் படங்களும் போயின. அன்று முதல் அந்த இரு வரிகளைப் பாராமல் எந்தக் கணினியையும் நான் தொடுவதில்லை.

*விசையை அழுத்தியபின் ஒரு நிமிடம் கறுப்புத் திரைதான். பிறகு எஃப் 1 விசையை அழுத்தச் சொல்கிறது. தேதியும் பல ஆண்டுகள் பின்னால் இருக்கிறது.*
– கோயில் நிர்வாகச் செயலாளர்

மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்ட மின்கலம் தீர்ந்துவிட்டது. மின்னலுக்குப் பயந்து சுவரில் இணைப்பைத் துண்டிக்கும்போதெல்லாம் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று பென்டிரைவையும் நெட்வொர்க்கையும் ஒவ்வொன்றாகத் தேடுகிறது. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் புதிய மின்கலத்தைப் பொருத்துங்கள். சில வெள்ளிதான் ஆகும். பிறகு தேதியைத் திருத்தி, விண்டோஸ் உள்ள வட்டை வரிசையில் முதலாவதாக வையுங்கள். வங்கித் தளங்கள் திறக்க மறுத்திருந்தால் அதற்கும் தவறான தேதியே காரணமாக இருந்திருக்கும்.

*எம்.எஸ்.கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பிராசஸர்களின் எண்ணிக்கையை உயர்த்தினால் வேகம் கூடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருளும் போடலாமா?*
– ஐந்தாம் படிவ மாணவர்

இரண்டும் வேண்டாம் தம்பி. விண்டோஸ் எல்லா பிராசஸர்களையும் ஏற்கெனவே பயன்படுத்துகிறது. அந்த எண், சோதனைக்காகக் குறைப்பதற்கு உள்ள ஏற்பாடு. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதைச் சுத்தம் செய்வது தொடக்க நேரத்தில் வேறுபாடு எதையும் தராது, தவறினால் கேடு தரும். டாஸ்க் மேனேஜரின் தொடக்கப் பட்டியலில் 'அதிகத் தாக்கம்' என்று குறிக்கப்பட்டவை, தொடங்கும்போது ஒரு விநாடிக்கு மேல் பிராசஸரையோ 3 எம்.பி.க்கு மேல் வட்டையோ பயன்படுத்துபவை. கணினி விளையாட்டுகளை விற்கும் செயலிகளும் அரட்டைச் செயலிகளும் அங்கே இருந்தால் முடக்கிவிடு. வைரஸ் தடுப்பை மட்டும் தொடாதே.

*எஸ்.எஸ்.டி. போட்டும் சில நாள்களில் தொடக்கம் இழுக்கிறது. 'ரீஸ்டார்ட்' செய்தால் மட்டும் சரியாகிறது. அணைத்துப் போட்டால் சரியாவதில்லை. இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பின் இப்பழைய கணினிக்குச் செலவு செய்தது தவறா?*
– ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர்

விண்டோஸ் 8 வந்த 2012 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து எழுகிறது. இதற்கு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று பெயர். அதனால் ஒரு டிரைவர் கெட்டிருந்தால் அக்கேடும் மறுநாளைக்குத் தொடர்கிறது. 'ரீஸ்டார்ட்' மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் கணினி ஓடிவரும் நேரம் பல நாள்களாகக் காட்டினால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நீக்கிவிடுங்கள், எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் இழப்பு சில விநாடிகளே. நீக்காதவர்கள், திரை கறுத்தவுடன் சுவர் விசையைத் தட்டும் நம் ஊர்ப் பழக்கத்தையாவது விட வேண்டும்: கணினியின் விளக்கு அணையும் முன் மின்சாரம் நின்றால் வட்டில் எழுதும் வேலை பாதியில் அறுந்து, மறுநாள் வட்டுச் சோதனையோடு தொடங்கக்கூடும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும்; பத்தாண்டுப் பழைய கணினியில் அவை இரா. ஆயினும் உங்கள் செலவு வீண் இல்லை, அந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அடுத்த கணினியில் மாட்டிக்கொள்ளலாம். அதுவரை வங்கி வேலைகளை இதில் செய்யாதீர்கள். அல்லது விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிப் பாருங்கள், இணையத்துக்கும் கடிதம் தட்டச்சுவதற்கும் அது தாராளமாகப் போதும்.