2 லட்சம் மைல் தாண்டிய சபர்பனை வாங்கலாமா?

கேட்டவர் டாலஸ் பக்கம் இருக்கிறார். 2 லட்சம் மைல் தாண்டிய 2005 செவ்ரோலே சபர்பன் என்ற பெரிய எஸ்யூவி ஒன்று குறைந்த விலைக்கு வருகிறதாம். வாங்கலாமா, எப்படிப் பராமரிப்பது, இவ்வளவு பெரிய பழைய வண்டியை வைத்துக்கொள்வதில் சந்தோஷம் உண்டா என்பது கேள்வி.

வாங்கலாம். நானும் டெக்சஸில்தான் இருக்கிறேன். 2004 சபர்பனைப் பல வருடமாக ஓட்டுகிறேன், அது 2 லட்சத்து 60 ஆயிரம் மைலைத் தாண்டிவிட்டது. புது சபர்பன் இன்று 60,000 டாலருக்குக் கீழே வருவதில்லை. அதன் மாதத் தவணையில் ஒரு சிறு பங்கு போதும், பழையதை நன்றாக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பார்த்திருக்கும் வருடமும் நல்ல வருடம். 2006 வரை வந்த சபர்பனில் இருக்கும் 5.3 லிட்டர் வி8 இன்ஜின் எளிமையானது. வார்ப்பிரும்பு பிளாக், டைமிங் செயின். குறிப்பிட்ட மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது. அதே கம்பெனியின் அதே காலத்து டாஹோ, சில்வராடோ, யூகான் வண்டிகளிலும் இதே இன்ஜின்தான் என்பதால் எந்த ஊர் பார்ட்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும். 2007-ல் வந்த அடுத்த தலைமுறையில் பெட்ரோலை மிச்சப்படுத்த ஓடும்போதே பாதி சிலிண்டர்களை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. அதில் வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள் பழுதாவது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த கதை. அதிக மைல் ஓடிய வண்டி என்றால் 2006 வரை வந்ததுதான் என் தேர்வு.

மைல் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நம் ஊரில் இந்த வண்டிகளைக் கொல்வது சூடு. ஜூலை மாதம் வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், 635 ஹைவேயில் டிராஃபிக் ஊர்ந்துகொண்டிருக்கிறது, ஏசி முழுதாக ஓடுகிறது. அந்த நேரத்தில் டெம்பரேச்சர் முள் 210-ல் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பதையே மதிய வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 2005-ல் ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் இருக்கும். ஏசி போட்டதும் இரண்டும் சுற்ற வேண்டும். என்னுடையதைப் போல 2004 அல்லது அதற்கு முந்தையது என்றால் பெல்ட்டில் ஓடும் ஒரே ஃபேன், நடுவில் ஒரு கிளட்ச். நிற்கும்போது சூடு ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் அந்த கிளட்ச் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆரஞ்சு நிற டெக்ஸ்கூல். 5 வருடம் அல்லது 1,50,000 மைல் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. இந்த வயது வண்டிக்கு நான் அவ்வளவு காத்திருக்க மாட்டேன். வாங்கியதுமே பழையதை இறக்கிவிட்டு, ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே வேலையாகப் பார்த்துவிடுங்கள். பச்சை கூலன்டை மட்டும் அதோடு கலக்காதீர்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரத் தொட்டிகள் அலுமினியத்தோடு சேரும் இடத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம், விலை அதிகம் இல்லை.

கீழே ஒரு சொட்டு இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். இந்தத் தலைமுறையில் சில இன்ஜின்களில் 706 என்று முடியும் வார்ப்பு எண் கொண்ட, காஸ்டெக் என்ற கம்பெனி வார்த்த சிலிண்டர் ஹெட்கள் மாட்டப்பட்டன. அவற்றில் சில உள்ளுக்குள் விரிசல் விட்டுக் கூலன்டை ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது கியர்பாக்ஸ். 4எல்60-இ என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினை விட இதுதான் முதலில் தளரும், அதற்கும் காரணம் பெரும்பாலும் சூடுதான். இரண்டிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஆர்பிஎம் மட்டும் எகிறி வண்டி இழுக்காமல் ஒரு நொடி தொங்கினால் உள்ளே கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதன்பிறகு புது ஆயில் ஊற்றி எந்தப் பயனும் இல்லை. மறுபடி கட்டச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதை விலையில் கழித்துக் கேளுங்கள். நன்றாக மாறுகிறது என்றால் அடித்தட்டை இறக்கி, ஃபில்டரை மாற்றி, டெக்ஸ்ரான் 6 கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றுங்கள். மெஷின் வைத்து முழுதாகக் கழுவித் தருகிறோம் என்பார்கள், இவ்வளவு ஓடிய கியர்பாக்ஸில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். ரேடியேட்டருக்கு முன்னால் கியர்பாக்ஸுக்கென்று தனி ஆயில் கூலர் இல்லாத வண்டி என்றால் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். டிரெய்லர் இழுத்தால் சுமை இழுப்பதற்கான டோ-ஹால் பட்டன் போட்டு, மேட்டில் மூன்றாவது கியரிலேயே விடுங்கள்.

சத்தங்களைப் பற்றி. பழைய வண்டி சத்தம் போடும், எல்லாவற்றுக்கும் பணம் செலவழிக்க முடியாது. குளிர் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டக்டக்கென்று கேட்டு ஓரிரு நிமிடத்தில் அடங்குவது பிஸ்டன் சத்தம். அதோடு லட்சக்கணக்கான மைல் ஓட்டுகிறார்கள், விட்டுவிடுங்கள். சூடேறக் குறையும் டிக்டிக் என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின்பக்க போல்ட் தலை முறிந்திருக்கும். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கேட்கும் டொக்கு பெரும்பாலும் ஸ்டியரிங்கின் நடுத்தண்டு. ஆயில் பிரஷர் மட்டும் வேறு. நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது முள் இறங்கினால், ஆயிலை உறிஞ்சும் குழாயில் இருக்கும் ஓ-ரிங் இறுகிப்போயிருக்கலாம். இதில் ஒரு சிக்கல், 2003 முதல் 2006 வரை வந்த மீட்டர்களில் முள்ளை நகர்த்தும் குட்டி மோட்டார்கள் கெட்டுப்போய் முள்ளே பொய் சொல்லும். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் பிரஷர் சென்சாரும் அடிக்கடி போகும். அதனால் இன்ஜினைப் பிரிக்கும் முன் தனி கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். மீட்டரைச் சரிசெய்வதாக இருந்தால் உங்களுடையதையே பழுது பார்க்கக் கொடுங்கள். மைல் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது, பழைய சாமான் கடையிலிருந்து வேறு மீட்டர் வாங்கி மாட்டினால் வேறு வண்டியின் மைல் வந்து உட்காரும்.

செக் இன்ஜின் லைட்டை அலட்சியம் செய்ய முடியாது. 2025 ஜனவரி முதல் டெக்சஸில் சொந்த உபயோக வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது, ஆனால் டாலஸ், காலின், டென்டன், டாரன்ட் கவுன்டிகளில் புகைச் சோதனை இன்னும் உண்டு. லைட் எரிந்தால் தேறாது. இந்த இன்ஜினில் பி 0327, பி 0332 என்று பழுது எண் (கோடு) வந்தால் நாக் சென்சார், அதாவது இன்ஜின் தட்டுவதை உணரும் சென்சார். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு குழியில் இருப்பதால் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். ஒன்றுதான் கெட்டிருந்தாலும் இரண்டையும் வயரோடு மாற்றச் சொல்லுங்கள், திறக்கும் கூலிதான் அதிகம். பாதுகாப்புச் சோதனை இல்லாததால் டயர், பிரேக், விளக்கு மூன்றும் இனி உங்கள் பொறுப்பு.

வடக்கே உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் கீழே படுத்து பிரேக் குழாய்களைப் பாருங்கள். துரு செதில் செதிலாக வந்தால் விட்டுவிடுங்கள். டெக்சஸிலேயே வளர்ந்த வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நல்லதுதான்.

சரி, சந்தோஷம். பெட்ரோல் குடிக்கும், மறைக்க ஒன்றும் இல்லை. எனக்கு ஊருக்குள் கேலனுக்கு 13 மைல், ஹைவேயில் 17. தினமும் தனியாக ஆபீஸ் போவதற்கு இது வேண்டாம், அதற்கு ஒரு சின்ன கார் இருக்கட்டும். இதை இது செய்யப்பட்ட வேலைக்கு எடுங்கள். மூன்றாவது வரிசை சீட்டைக் கழற்றி இரண்டாவதை மடக்கினால் 4 அடிக்கு 8 அடி பிளைவுட் படுத்தபடி உள்ளே போகும். எங்கள் பக்கத்துப் பொங்கல் விழாவுக்கு அண்டா, அடுப்பு, மடக்கு மேஜை, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே நடையில் போவது இந்த வண்டியில்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களுக்கு முட்டி மடக்காமல் உட்கார இடம் இருக்கிறது. படியில் ஏறுவதுதான் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது, பக்கவாட்டில் அகலமான ஸ்டெப் மாட்டினேன்.

மேற்கு டெக்சஸில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்வாருங்கள். 31 கேலன் டேங்க், ஹைவேயில் 450 மைலுக்கு மேல் தாங்கும். மேற்கு டெக்சஸில் ஊருக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பார்த்தால் அந்த டேங்கின் அருமை தெரியும். 75 மைல் வேகத்தில் 2000 ஆர்பிஎம் சுற்றி, சுமை ஏற ஏற இன்னும் மெத்தென்று போகும். மாரத்தான் என்ற ஊரில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கிருந்து பூங்காவின் பேன்தர் ஜங்ஷன் வரை கிட்டத்தட்ட 70 மைலுக்கு ஒன்றும் கிடைக்காது. பெல்ட் ஒன்று, கூலன்ட் ஒரு கேலன், ஆயில் ஒரு குவார்ட், கோடு படிக்கும் கருவி, குடிக்கத் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அது வண்டிக்கு அடியில் கம்பியில் தொங்குகிறது, அதை இறக்கும் கம்பி துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.