நடிகைக்குச் சம்பளம் வந்ததா?

அன்புள்ள ஐயா,

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் போனில் ஓர் ஆங்கிலக் காதல் நகைச்சுவை நாவல் படித்தேன். உலகமே கொண்டாடும் ஹாலிவுட் நடிகை, தன்னை யாரென்றே தெரியாத ஒரு கால்நடை மருத்துவரைக் காதலிக்கிறாள். விடிய விடியப் படித்துச் சிரித்தேன். வீட்டில் சொல்லவில்லை. அப்பா, "படிப்பதானால் மு.வ. படி" என்பார். முடிவு முதலிலேயே தெரிந்துவிடும் இந்த மாதிரிக் கதைகளைப் படிப்பது நேர விரயமா? நல்ல நூல்களின் பட்டியல் தருவீர்களா?

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

சிரித்ததை ஏதோ திருடியதுபோல எழுதியிருக்கிறீர்கள். அழவைத்த புத்தகம் என்றால் பஸ்ஸில் அட்டை தெரியப் பிடித்துக்கொண்டு போவோம். சிரிக்கவைத்ததை மட்டும் ஒளிக்க வேண்டும். என்ன புத்தி இது? முடிவு தெரிந்தால்தான் என்ன? துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே நம் பக்கத்தில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள்? அப்பா சொல்வதையும் கேளுங்கள். மு.வ. வாலாஜா பக்கத்து வேலத்தில் வளர்ந்தவர், நம்மூர்க்காரர். அவர் நாவல்களில் ஆளுக்கு ஆள் அறிவுரை சொல்வது வேறு விஷயம். பட்டியல் கிடையாது.

நடிகை நாயகி என்றதும் எனக்குக் குடியாத்தத்துச் சின்னம்மா வீடுதான் ஞாபகம் வருகிறது. மதியத்தில் நாலைந்து பெண்கள் மடியில் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். விரல் பாட்டுக்கு இலையில் தூளை வைத்து உருட்டும், நூலைச் சுற்றும், நுனியை மடக்கும். காதுதான் சும்மா இருக்கும். அதற்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதை வாசிப்பது என் வேலை. ஒருமுறை ஒரு நடிகையின் கதை வந்தது. கடற்கரையில் நிலவு, அவன் அவளுடைய கையைப் பிடிக்கிறான். "அத்த அப்புறம் படிடா. அவளுக்குத் துட்டு வந்துச்சா இல்லியா, அத்த சொல்லு" என்றார் சின்னம்மா. மற்றவர்களும் அதையேதான் கேட்டார்கள். சரியில்லை என்று ஏஜெண்டு ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லாமல் வீடு திரும்புகிறவர்கள் அவர்கள்.

அவர்கள் கேட்டது விவரமான கேள்வி. புகழ் என்பது நாயகியின் நெற்றியில் ஒட்டிய பொட்டு அல்ல, அவள் பார்க்கும் வேலை. பழைய ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவோடு ஏழு வருட ஒப்பந்தம். பிடிக்காத வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்திவைப்பார்கள், அந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டி நீட்டிவிடுவார்கள். அந்த ஸ்டூடியோ மேல் 1943இல் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டிலும் 1944இல் ஜெயித்தார். சின்னம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

காதல் நகைச்சுவைக்குச் சரக்கே இங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்திக்கிறேன் என்று அவள் சொல்லிவிடுவாள், ஷூட்டிங் முடியாது. மேக்கப்பைக் கலைக்காமல் ஓடிவருவாள். ஹோட்டலில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. சிரிப்பு தானாக வரும். வேலையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு அழகான பெண்ணும் நிறைய வசனமும்.

சாவகாசமாக இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்த நடிகை எத்தனை மணிக்கு எழுந்தாள், யாருக்குப் பயந்தாள், யார் அவளுக்குப் பாக்கி வைத்தார்கள் என்று எழுதுங்கள். முத்தக் காட்சியை விட்டுவிடலாம், அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும்.